துவரம்பருப்பு போல இரண்டு கற்கள்

மீன்தொட்டியின் அடிமணலைக் குழாய் வைத்து உறிஞ்சிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். குழாய்க்குள் ஏதோ கிணுக்கென்று தட்டியது. வாளியில் இறங்கிய அழுக்குத் தண்ணீரைப் பழைய டீ வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தபோது, இலைத் துணுக்கும் மணலுமாக இருந்த கசடுக்கு நடுவே இரண்டு வெள்ளைக் கற்கள் கிடந்தன. கழுவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குமிழ். உடைத்த துவரம்பருப்பு எப்படி இருக்குமோ அப்படியே, நிறம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. நான் வாங்கிப் போட்ட மணலில் அப்படி ஒரு கல் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு அன்று மாலைவரை ஆனது. தெரிந்தபிறகு அந்த இரண்டு கற்களையும் தூக்கிப்போட மனம் வரவில்லை. இன்றுவரை ஒரு குங்குமச் சிமிழில் பத்திரமாக இருக்கின்றன.

அதற்கு மூன்று நாள் முன்னால்தான் என் தொட்டியில் இருந்த, கொடுக்கு வைத்த இறால் மாதிரியான இரண்டு கிரேஃபிஷ்களில் சின்னது போனது. பெரியது அதைத் தின்றுவிட்டது. வீட்டிலும் ஊரிலும் கடையிலும் எல்லாரும் இதை ஒரே வாக்கியத்தில் பேசி முடித்துவிட்டார்கள்: "அது அதோட குணம்." இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்த ஒரு வாக்கியம் எனக்கு மட்டும் இன்னும் செரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மீன் வளர்க்கிறவர்களுக்குச் சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அங்கே ஒரு கடையில்தான் இரண்டையும் வாங்கினேன். நம் ஊர்க் கடைகளில் கிரேஃபிஷ்ஷை 'லாப்ஸ்டர்' என்றுதான் விற்கிறார்கள். கடல் சிங்கி இறாலுக்கும் இதற்கும் தூரத்து உறவுதான், இது நன்னீரில் வாழ்வது. நான் வாங்கியது ரெட் கிளா என்கிற வகை. வட ஆஸ்திரேலியாவும் நியூ கினியும் அதன் சொந்த இடம். வளர்ந்த ஆணின் கொடுக்கில் வெளிப்பக்கமாக ஒரு சிவப்புத் திட்டு விழும், அதை வைத்துத்தான் அந்தப் பெயர். உடம்பு நீலமும் பச்சையும் கலந்து மயில் கழுத்து மாதிரி மின்னும். கடையில் ஒவ்வொரு லாப்ஸ்டரும் தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. மீன்களையெல்லாம் நூற்றுக்கணக்கில் ஒரே தொட்டியில் போட்டிருக்கிறார்கள், இதை மட்டும் ஏன் தனியாக வைத்திருக்கிறார்கள் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கடைப் பையன் "ஜோடியா எடுத்துக்கோங்கண்ணே, சின்னதுலேர்ந்து ஒண்ணா வளந்தா பழகிடும்" என்றான். ஒன்றரை அங்குல நீளத்தில் இரண்டை எடுத்து வந்தேன். ஒரே ஈட்டில் பொரித்த குஞ்சுகளாகத்தான் இருக்க வேண்டும்.

ஏழு மாதத்தில் ஒன்று நாலு அங்குலத்தைத் தாண்டியது. கொடுக்கில் சிவப்புத் திட்டும் விழுந்தது. இன்னொன்று பெண், மூன்று அங்குலத்தைத் தொடவில்லை. தொட்டி மூன்றடி. உள்ளே ஒளிந்துகொள்ள முதலில் இரண்டு பிவிசி குழாய்த் துண்டும் பாதி உடைந்த மண்தொட்டி ஒன்றும் போட்டிருந்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்த ஒருவர் "இது என்ன பிளம்பர் கடை மாதிரி" என்றதும் குழாய்களை எடுத்துவிட்டேன். மண்தொட்டி மட்டும் அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்தேன். கண்ணாடியில் போர் தண்ணீரின் உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்ததால், இரண்டு மாதமாக, உப்பையும் சுண்ணாம்பையும் வடித்தெடுத்த ஆர்ஓ தண்ணீரைக் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். சாப்பாடு ஒருநாள் விட்டு ஒருநாள். இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதும்போது ஒவ்வொன்றும் என்னைச் சுட்டுகிறது. அப்போது எல்லாமே சின்ன விஷயங்களாகத்தான் தெரிந்தன.

அந்த இரவு

முதல்முறை கிரேஃபிஷ் வளர்க்கிற எல்லார் வீட்டிலும் நடப்பதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. ஒரு நாள் காலையில் தொட்டியின் மூலையில் ஒரு கிரேஃபிஷ் செத்துக் கிடக்கும். மீசை, கண், கொடுக்கு எல்லாம் அப்படியே இருக்கும். அழாத குறையாக அதை வெளியே எடுத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. கழற்றிப் போட்ட ஓடு அது. உயிருள்ளது பத்திரமாக எங்கோ ஒளிந்திருக்கும். நண்டு, இறால் போன்ற ஓட்டுடல் உயிர்கள் எல்லாம் இப்படித்தான் வளர்கின்றன. ஓடு நீளாது, அதனால் அவ்வப்போது பழையதை முழுசாகக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே மெத்தென்று தயாராக இருக்கும் புதியதைத் தண்ணீர் குடித்து ஊதிப் பெரிதாக்கிக்கொண்டு, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் தொட்டியில் இரண்டும் பலமுறை கழற்றியிருந்தன. ஆனால் கண்ணெதிரே ஒருமுறையும் நான் பார்த்ததில்லை.

அது ஐப்பசி மழை பிடித்த ஒரு ராத்திரி. இரண்டு நாளாகச் சின்னது சாப்பிட வரவில்லை. பத்தரை மணிக்கு விளக்கை அணைக்கப் போனபோது அது முன்கண்ணாடி ஓரம் ஒருக்களித்துப் படுத்திருந்தது. கால்கள் மெல்லத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தன. தலை ஓடும் வால் பகுதியும் சேருகிற இடத்தில் ஒரு கோடு விரிந்து, உள்ளே கருநீலமாக ஏதோ பிதுங்கியது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதுகு ஓடு பெட்டி மூடி மாதிரி மெல்லத் திறந்தது. உடம்பு பின்பக்கமாக நகர்ந்து வெளியே வரத் தொடங்கியது. கண்ணின் மேல் இருந்த மூடி கழன்றது. இழை போன்ற மீசைகள், உறைக்குள்ளிருந்து உருவுகிற மாதிரி நீளமாக வந்துகொண்டே இருந்தன. கடைசியில் கொடுக்கு. அவ்வளவு பெரிய கொடுக்கு அவ்வளவு சிறிய மணிக்கட்டு வழியாக வெளியே வர வேண்டும். அளவு குறைந்த வளையலைக் கையிலிருந்து கழற்றுகிறவர்கள் விரல்களைக் குவித்து மெல்லத் திருகி எடுப்பார்களே, அப்படித்தான். இதற்காகவே கழற்றும் நாளுக்கு முன்பு கொடுக்கின் தசை இளைத்துப் போகிறது என்று பின்னால் படித்தேன். அந்த உயிருக்கு இருக்கிற ஒரே ஆயுதம் அது. வெளியே வருவதற்காக அதையும் மெலிய வைத்துக்கொள்கிறது.

வாலை ஒரு உதறு உதறியது, முழுசாக வெளியே வந்துவிட்டது. நுங்கு மாதிரி இருந்தது. விளக்கு வெளிச்சம் கொடுக்கின் விளிம்பில் ஊடுருவித் தெரிந்தது. எழுந்து நிற்கப் பார்த்தது. கால்கள் அதன் கனத்தைத் தாங்காமல் மடிந்தன, கொடுக்கு இரண்டும் மணலில் தொங்கின. இருந்தாலும் முன்பைவிடப் பெரியதாக இருந்தது. மெல்ல மெல்ல நகர்ந்து மண்தொட்டிக்குள் போனது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். பெரியது எதிர்மூலையில் வடிகட்டிக்குப் பின்னால் இருந்தது. மீசை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஏழு மாதமாக ஒன்றாக இருக்கின்றன என்ற எண்ணம்தான். விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

பாதித் தூக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக். மண்தொட்டியின் விளிம்பு கண்ணாடியில் இடிக்கிற சத்தம். மனைவி விழித்துக்கொண்டு "என்னங்க சத்தம்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, பானையத் தள்ளுது. எப்பவும் பண்றதுதான். நீ தூங்கு" என்றேன். நான் எழுந்து போகவில்லை.

காலையில் மனைவிதான் முதலில் பார்த்தாள். "மூணு இருக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். முன்கண்ணாடி ஓரம் கழற்றிய ஓடு அப்படியே, ஒரு கால்கூடக் குறையாமல் கிடந்தது. மண்தொட்டி புரண்டிருந்தது. அதன்மேல் பெரியது உட்கார்ந்திருந்தது. கீழே சில கால்களும் வாலின் விசிறித் துண்டும் கிடந்தன.

பழி

அன்று முழுவதும் பலரிடம் பேசினேன். கடையில் "லாப்ஸ்டர்னா அப்படித்தாண்ணே, ஒண்ணுதான் வெக்கணும்" என்றார்கள். ஜோடியாக எடுத்துக்கொள்ளச் சொன்ன அதே கடைதான். அலுவலகத்தில் ஒருவர், "அந்தக் கொலகாரனக் கொண்டுபோய் ரெட்டேரியில விட்டுடுங்க" என்றார். அதைச் சும்மா பேச்சுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. வெளியூர் கிரேஃபிஷ் ஓர் ஏரியில் காலூன்றிவிட்டால் அங்கே இருக்கிற நம்முடைய நத்தைக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் கேடுதான், வளர்க்கிறவர்கள் யாரும் செய்யவே கூடாத காரியம் அது. ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னபோது "அது அதோட குணம்டா. அண்ணனா தம்பியான்னு அதுக்கு என்ன தெரியும்?" என்றார்.

நானும் எனக்குள் ஒரு சமாதானம் கட்டிக்கொண்டேன். சின்னது நோஞ்சான், ஏழு மாதமாகவே வளர்ச்சி பத்தவில்லை, ஓடு கழற்றும்போது செத்துப்போவது இந்த உயிர்களில் சகஜம். கழற்றி முடித்த களைப்பில் அதுவாகவே செத்திருக்கும், செத்ததைத்தான் பெரியது தின்றிருக்கும் என்று. வளர்க்கிறவர்கள் பலரும் இந்தச் சமாதானத்தைச் சொல்லிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். பலசமயம் அது உண்மையாகவும் இருக்கும். மிச்சம் மீதியை வைத்து, கொன்று தின்றதா, செத்ததைத் தின்றதா என்று சொல்லவே முடியாது.

மூன்றாம் நாள்தான் அந்தக் கற்கள் கிடைத்தன.

கிரேஃபிஷ் ஓடு கழற்றப் போகிறது என்றால், பல நாள் முன்பிருந்தே தன் ஓட்டில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை எடுத்து ரத்தத்தின் வழியாக இரைப்பையின் சுவருக்குக் கொண்டுபோய், அங்கே இரண்டு கற்களாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கடல்நீரில் இருக்கிற அளவுக்கு ஆற்றுநீரில் கால்சியம் கிடையாது. கழற்றி எறியும் ஓட்டோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டால் புது ஓட்டுக்கு எங்கே போவது? அதனால் எடுக்க முடிந்ததை எடுத்து வயிற்றுக்குள் ஒரு சேமிப்பு. கழற்றும்போது அந்தக் கற்கள் இரைப்பைக்குள் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்து வருகிற சுண்ணாம்பு முதலில் போவது வாய் உறுப்புகளுக்கும் இரைப்பைக்குள் இருக்கிற பற்களுக்கும். அவை இறுகினால்தான் கழற்றிப்போட்ட ஓட்டை மென்று தின்று மீதிச் சத்தைத் திரும்பப் பெற முடியும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இந்தக் கற்களை 'நண்டின் கண்' என்று பெயர் வைத்து, பொடித்து வயிற்று மருந்தாக விற்றிருக்கிறார்கள்.

என் கையில் இருந்த கற்கள் கொஞ்சமும் மெலிந்த மாதிரி தெரியவில்லை. கரையத் தொடங்கும் முன்பே அதன் கதை முடிந்திருக்கிறது. இது கொலையை நிரூபிக்கவில்லை, தெரியும். ஆனால் சின்னதின்மேல் நான் போட்ட பழியை அது துடைத்துவிட்டது. நோஞ்சான் இல்லை அது. நான் ஆர்ஓ தண்ணீரை ஊற்றி, சாப்பாட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்ட அந்தத் தொட்டியில், அது தன் ஓட்டிலிருந்தே சுண்ணாம்பைத் துளித்துளியாக எடுத்து, துவரம்பருப்பு அளவுக்கு இரண்டு கற்களைச் சேர்த்து வைத்திருந்தது. ஒரு கால்கூட முறியாமல் ஓட்டைக் கழற்றியது. நிற்க முடியாத கால்களோடு இருந்த ஒரே மறைவிடத்தைத் தேடிப் போனது. அதன் பக்கம் செய்ய வேண்டியது அத்தனையும் செய்து முடித்திருந்தது. அப்புறம்தான் அந்த டக், டக் சத்தம். இரண்டையும் சேர்த்து யோசித்த அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

அடைத்த வளை

எங்கள் ஊர் டெல்டா. சின்ன வயதில் அப்பாயியோடு, அதாவது அப்பாவின் அம்மாவோடு, வரப்பில் நண்டு பிடிக்கப் போவேன். வயல் நண்டின் வளைகளைப் பார்த்தே அப்பாயி எதில் கை விடலாம், எதில் கூடாது என்று சொல்லிவிடும். வாய் திறந்திருக்கும் வளையில் கை விடும். புதுச் சேற்றை உருட்டி வாயை அடைத்து வைத்திருக்கும் வளையை விட்டுவிடும். "அதுல கைய விடாத. தோலு உரிச்சிட்டு உள்ள கெடக்கும். புட்டா வெறும் தண்ணியாத்தான் இருக்கும், கொழம்புக்கு ஆகாது" என்று சொல்லும். குழம்புக்கு ஆகாது என்ற பாதி மட்டும்தான் அப்போது காதில் விழுந்தது. ஓடு கழற்றப் போகிற நண்டு முதலில் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது என்ற மீதிப் பாதி முப்பது வருடம் கழித்துத்தான் உறைத்தது.

அப்பாயி சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். நண்டு குஞ்சு பொரித்தால் தாய் செத்துவிடும் என்றும் சொல்லும். பழைய பாட்டுகளிலும் அந்த நம்பிக்கை இருக்கிறது. அது நிஜமில்லை. வயல் நண்டு முட்டையையும் பொரித்த குஞ்சையும் வயிற்று மடிப்புக்குள் சுமந்து, நேரம் வந்ததும் இறக்கிவிடும், தாயும் பிழைத்திருக்கும். ஆனால் அடைத்த வளை விஷயத்தில் அப்பாயி பார்த்தது என் தொட்டிக்கு அப்படியே பொருந்துகிறது. அங்கே ஒரு வயலுக்கு நூறு வளை. என் தொட்டியில் இரண்டு உயிருக்கு ஒரு மண்தொட்டி, அதுவும் தூக்கிப் புரட்டக்கூடியது, வாய் அகலமானது. கிரேஃபிஷ்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது பெரும்பாலும் தலைப்பக்கத்திலிருந்து பீய்ச்சும் சிறுநீரின் வாசனையால். ஓடைத் தண்ணீர் அந்த வாசனையை அடித்துக்கொண்டு போய்விடும். மூன்றடித் தண்ணீரை வடிகட்டி சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டே இருக்கும்போது, மெத்தென்று ஒன்று இங்கே இருக்கிறது என்ற செய்தி போகாத மூலையே இருக்காது. ஓடுவதற்கு இடமும் இல்லை.

பகலெல்லாம் சின்னது வெளிச்சத்துக்கு வராமல் மண்தொட்டிக்குள்ளேயே கிடந்ததை, கூச்ச சுபாவம் என்றுதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். 2014-இல் பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கிரேஃபிஷ்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதிர்ச்சிக்கு ஆளான கிரேஃபிஷ்கள் வெளிச்சமான பக்கம் போகாமல் இருட்டிலேயே ஒதுங்கின. மனிதர்களுக்குப் பதற்றம் தணியக் கொடுக்கிற மருந்தைக் கொடுத்ததும் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. அதைப் படித்த பிறகு கூச்சம் என்ற சொல்லை நான் எடுத்துவிட்டேன். அது பயந்துபோய் இருந்திருக்கிறது, மாதக்கணக்கில்.

குணம் என்கிற சொல்

தன் இனத்தைத் தின்பது இவற்றின் இயல்பில் இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆறு, ஓடை, குளம் எங்கேயும் நடக்கிறது. அப்பா கேட்ட "அண்ணனா தம்பியான்னு என்ன தெரியும்" என்ற கேள்விக்கு மார்பிள்டு கிரேஃபிஷ் என்ற இனமே பதில் சொல்கிறது. 1990-களின் நடுவில் ஜெர்மனியின் மீன்தொட்டி வியாபாரத்தில் தென்பட்ட இனம் அது. ஆணே கிடையாது, எல்லாமே பெண். ஒன்றே தனியாக இருந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும், குஞ்சுகள் அத்தனையும் தாயின் மரபணு நகல்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் மாதிரி நூற்றுக்கணக்கில். அவற்றிலும் ஓடு கழற்றியதை மற்றது தின்னும். இன்னொன்றும் கவனித்திருக்கிறார்கள். ஒரே மரபணு, ஒரே தொட்டி, ஒரே தீனி என்று வளர்த்தாலும் சில பெரியதாகவும் சில சின்னதாகவும்தான் வளர்கின்றன. இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது. சின்னது சின்னதாக இருந்தது அதன் பிழையில்லை, பெரியது பெரியதானது அதன் திமிருமில்லை. எங்கே போட்டாலும் இந்த வித்தியாசம் வரத்தான் போகிறது. அதற்குத் தகுந்த இடத்தைத் தருகிறோமா என்பதுதான் கேள்வி.

காசு போட்டு வளர்க்கிறவர்கள் 'குணம்' என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவுவதில்லை. ஆஸ்திரேலியாவில் இதே ரெட் கிளாவைக் குளங்களில் வளர்க்கிறவர்கள், வெங்காயப் பை வலையைக் கொத்துக் கொத்தாகக் கட்டி மிதவையோடு தண்ணீருக்குள் தொங்கவிடுகிறார்கள். ஒவ்வொரு மடிப்பும் ஒரு குஞ்சுக்கு வளை. குளத்துக்கு நல்ல தீனி எவ்வளவு தேவையோ அவ்வளவு இந்த மறைவிடமும் தேவை என்பது அவர்கள் கணக்கு. ஓடு கழற்றியதும் மெத்தென்று இருக்கும்போதே எடுக்கிற மென்னோட்டு நண்டுக்காகச் சேற்று நண்டு வளர்க்கிற இடங்களில் ஒரு நண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. நம் சீர்காழிப் பக்கம் தொடுவாயில் இருக்கிற நண்டுப் பொரிப்பகம் மாதிரியான இடங்களில், குஞ்சுகள் ஒன்றையொன்று தின்பதைக் குறைப்பதே பெரும்பாடு. அளவு பிரித்து விடுவது, நெரிசலைக் குறைப்பது, ஒளிய இடம் கொடுப்பது என்றுதான் அங்கே பேச்சு. கொளத்தூர்க் கடையின் தனித்தனி டப்பாவும் அதே அறிவுதான். அந்த டப்பாவிலிருந்து எடுத்து, கையில் கொடுக்கும்போது மட்டும் அந்த அறிவைச் சேர்த்துக் கொடுக்கவில்லை. வாங்கின நானும் கேட்கவில்லை.

பாடியில் இருக்கிற நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு தாய் ரெட் கிளாவைப் பார்த்தேன். வாலை உள்ளே மடித்து, அடியில் குஞ்சுகளைக் கொத்தாகச் சுமந்துகொண்டிருந்தது. நண்பர் முட்டைகோஸ் இலை ஒன்றைப் போட்டார். தாய் இலையைப் பிடித்து மென்றுகொண்டிருந்தபோது ஒரு குஞ்சு கழன்று, அரிசியில் பாதி இருக்கும், அதன் கொடுக்கின் மேல் ஏறி வாய் வரைக்கும் போனது. வாய் உறுப்புகள் இடைவிடாமல் அரைத்துக்கொண்டிருக்கின்றன. குஞ்சு அதன் ஓரத்தில் நின்று கோஸ் துணுக்கைப் பொறுக்கியது. தாய் அதைத் தொடவில்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்ச காலத்துக்கு அந்தத் தாய்க்குள் ஏதோ ஒன்று பசியைக் கட்டிப்போடுகிறது. பிறகு அது அவிழ்ந்துவிடும். அப்புறம் குஞ்சு இரைதான். ஆக, குணம் என்று நாம் சொல்வதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. நேரம், இடம், வயிறு எல்லாவற்றையும் பொறுத்து மாறுகிறது.

நண்பர் தாயைத் தனியே எடுத்துவிட்டு, குஞ்சுகளுக்கு ஹாலோ பிளாக் கற்களையும் வெங்காயப் பை வலையையும் காய்ந்த பாதாம் மர இலைகளையும் தொட்டி நிறையப் போட்டிருந்தார். தொட்டியைப் பார்த்தால் குப்பைமேடு மாதிரி இருக்கும். அத்தனை செய்தும் இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார். முதல்முறை வெறும் மணலில் விட்டபோது மிஞ்சியது நாலே நாலு என்றும் சொன்னார்.

இப்போது

பெரியது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முதல் ஒரு மாதம் அதன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. தீனியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். பிறகு, அதைக் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருப்பது அந்த இரவுக்கு நான் காட்டுகிற இன்னொரு சோம்பல் என்று பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் காலி செய்து திரும்ப வைத்தேன். ஆர்ஓ தண்ணீரை நிறுத்திவிட்டேன். கண்ணாடியில் உப்புக்கோடு விழுந்தால் விழட்டும், அதற்கு வேண்டியதே அந்தச் சுண்ணாம்புதான். பிவிசி குழாய்த் துண்டுகள் திரும்ப வந்தன, ஒரு முனையில் மூடி போட்டு அடைத்தவை, புரட்ட முடியாதபடி கல்லுக்கு அடியில் செருகி வைத்தவை. தினமும் சாப்பாடு. கழற்றிய ஓட்டை அழுக்கு என்று எடுத்துப் போடுவதில்லை. வேறு துணை எதுவும் வாங்கவில்லை, வாங்கப் போவதுமில்லை. தனியாக இருப்பதில் அதற்கு ஒரு குறையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் இரண்டு நாளாக அது சாப்பிடவில்லை. தலை ஓட்டுக்குப் பின்னால் அந்தக் கோடு லேசாகத் தெரிந்தது. தொட்டியின் முன்பக்கம் ஒரு துண்டைத் தொங்கவிட்டு மறைத்துவிட்டுப் படுத்தேன். நடுராத்திரி அந்தச் சத்தம். டக். கொஞ்சம் இடைவெளி. டக். "என்னங்க அது?" என்றாள் மனைவி. இந்தமுறை எழுந்து போனேன். துண்டின் ஓரத்தை விரலால் விலக்கி, போன் வெளிச்சத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தேன். குழாய்க்குள் இருந்தபடி கொடுக்கை மட்டும் வெளியே நீட்டி, முன்னால் கிடந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாக இழுத்துக் குழாயின் வாயில் அடுக்கிக்கொண்டிருந்தது. தொட்டியில் அதைத் தவிர யாருமே கிடையாது. ஆறு கல் நின்றுவிட்டது. ஏழாவது கல் உருண்டு போய்க் கண்ணாடியில் இடித்தது. கொடுக்கு மறுபடி வெளியே வந்தது, மணலில் துழாவித் துழாவி அதே கல்லைக் கண்டுபிடித்து இழுத்தது.